மலையில் தொடங்கி மணலில் முடியும் ஓட்டம்

12 நண்பர்கள், 2 வேன்கள், ஒரே ஒரு கைப்பட்டை, 320 கி.மீ. தூரம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஆயிரம் குழுக்கள் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு ஓடுகின்றன.

காட்டுச் சாலையில் அதிகாலை இரண்டு மணி. நெற்றியில் விளக்கு கட்டிய உருவம் ஒன்று இருட்டைக் கிழித்துக்கொண்டு ஓடி வருகிறது. சாலையோரம் நிற்கும் தொண்டர் அதன் சட்டையில் குத்தியிருக்கும் எண்ணைப் படித்து உரக்கக் கூவுகிறார். அந்த எண்ணுக்குரிய அடுத்த ஆள் கூட்டத்திலிருந்து முன்னே வரவேண்டும். யாரும் வரவில்லை. மறுபடி கூவுகிறார். ஓடி வந்தவர் மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மூச்சிரைக்க நிற்கிறார். அதை வாங்கிக்கொள்ள வேண்டிய நண்பர் ஒரு கிலோமீட்டர் பின்னால், நகராத வேன் வரிசையிலிருந்து கதவைத் திறந்து குதித்து ஓடி வந்துகொண்டிருக்கிறார். தன் பங்கு தூரம் தொடங்குவதற்கு முன்பே.

‘ஹூட் டு கோஸ்ட்’ ரிலே ஓட்டத்தில் இதெல்லாம் சகஜம். ஹூட் என்பது 3,429 மீட்டர் உயரமுள்ள, உச்சியில் பனி உருகாத எரிமலை. கோஸ்ட் என்பது பசிபிக் கடற்கரை. இரண்டுக்கும் நடுவே போர்ட்லண்ட் நகரம், கொலம்பியா நதியோரச் சமவெளி, ஊசியிலைக் காடு மூடிய கடலோர மலைத்தொடர். மொத்தத் தூரம் 36 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு குழுவில் அதிகபட்சம் 12 பேர். ஆளுக்கு மூன்று கட்டம். வெள்ளிக்கிழமை மலையில் கிளம்பினால் சனிக்கிழமை கடலில் கால் நனைக்கலாம். சராசரிக் குழுவுக்கு ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகிறது.

கலந்துகொள்கிறவர்களில் பெரும்பாலோர் வீரர்கள் அல்ல. அலுவலக நண்பர்கள், கல்லூரித் தோழிகள், அண்ணன் தம்பிகள், மச்சினர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். மாரத்தான் ஓடத் துணிச்சல் இல்லாதவர்கூட இதற்குப் பெயர் கொடுக்கிறார். ஒரு தடவைக்கு எட்டோ ஒன்பதோ கிலோமீட்டர்தானே என்ற தைரியம். மூன்று தடவையையும் கூட்டினால் 25 கி.மீ.க்கு மேல் போகும் என்பதும், இரண்டாவது தடவை பெரும்பாலும் நடு இரவில் வரும் என்பதும் பிற்பாடுதான் உறைக்கிறது.

கணக்கு இப்படி. 36 கட்டங்களை 28 மணி நேரத்தில் முடிக்க, கட்டத்துக்குச் சராசரி 47 நிமிடம். முதல் வேனில் உள்ள ஆறு பேர் முதல் ஆறு கட்டங்களை ஓடுகிறார்கள். பிறகு இரண்டாவது வேனின் ஆறு பேர். இப்படி மூன்று சுற்று. ஒரு வேன் ஓடும்போது மற்ற வேனுக்கு ஓய்வு என்பது ஏட்டில். நான்கரை மணி நேர ஓய்வில், அடுத்த மாற்றுச் சாவடிக்கு வண்டியை ஓட்டிப் போக வேண்டும், எதையாவது வயிற்றுக்குள் தள்ள வேண்டும், தற்காலிகக் கழிப்பறைக்கு முன் வரிசையில் நிற்க வேண்டும், நனைந்த துணியை மாற்ற வேண்டும். மிச்சமிருந்தால், ஏதாவது ஒரு புல்வெளியில் தூக்கப்பையை விரித்து இரண்டு மணி நேரம் கண்ணை மூடலாம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேர் இதே முயற்சியில் இருப்பார்கள். கார் கதவுகள் அடித்துச் சாத்தப்படும் சத்தம் ஓயாது.

இன்னொரு கணக்கும் குழுத் தலைவரின் மூளையை அரித்துக்கொண்டிருக்கும். கட்டத்துக்கு ஐந்தே நிமிடம் பிந்தினால், கடைசியில் மூன்று மணி நேரம் பிந்திவிடும். அதனால் யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்ற அட்டவணை ஒவ்வொரு கைமாற்றிலும் அடித்துத் திருத்தப்படுகிறது. கடலோர மலைகளின் காட்டுக்குள் செல்போனுக்கு நெடுந்தூரம் சிக்னல் கிடையாது. முதல் வேனில் நடந்தது இரண்டாவது வேனுக்குத் தெரிய வழியில்லை. நம்பித்தான் ஆக வேண்டும்.

புறப்படும் இடம் டிம்பர்லைன் லாட்ஜ். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்றவர்களுக்கு வேலை கொடுக்க அரசு கட்டிய மர மாளிகை; 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் திறந்துவைத்தார். ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ படத்தில் பேய் பிடித்த ஹோட்டலாக வெளிப்புறத்தில் தெரிவது இதுதான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர். கோடையிலும் அதிகாலைக் குளிர் எலும்பில் இறங்கும். எல்லோரையும் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவதில்லை. மெதுவான குழுக்கள் இருட்டிலேயே கிளம்புகின்றன. வேகமான குழுக்களுக்குப் பிற்பகல்வரை அழைப்பு வராது. எல்லோரும் மறுநாள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கடற்கரை சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. தன் வேகத்தைப் பற்றிப் பொய் சொன்ன குழுவால் வழியெல்லாம் குழப்பம்தான்.

முதல் கட்டம் வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் பொறாமையூட்டும். சுமார் 9 கி.மீ. தூரமும் இறக்கம். வளைந்து வளைந்து விழும் மலைச்சாலையில் ஏறக்குறைய 600 மீட்டர் கீழே இறங்க வேண்டும். நுரையீரலுக்கு ஒரு சிரமமும் இல்லை. விலை கொடுப்பது தொடை. இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தடுத்து நிறுத்துகிறது. இப்படி நீளும்போது சுமை தாங்கும் தசையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம். வலி உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்கு வரும். முதல் கட்டத்தை உற்சாகத்தில் பறந்து முடித்தவர், ஒன்பது பத்து மணி நேரம் கழித்து போர்ட்லண்ட் நகரில் பதின்மூன்றாவது கட்டத்துக்காக வேனிலிருந்து இறங்கும்போது, காலை மடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். இருபத்தைந்தாவது கட்டம் இன்னும் பாக்கி. அனுபவமுள்ள குழுக்கள் அந்த முதல் கட்டத்தைக் குழுவின் வேகமான ஆளுக்குக் கொடுப்பதில்லை. இறக்கத்தில் நிதானம் தெரிந்த ஆளுக்குக் கொடுக்கின்றன.

இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தவர் பாப் ஃபுட். ஓரிகன் சாலை ஓட்டக்காரர்கள் கிளப்பின் தலைவராக இருந்தவர். வழக்கமான போட்டிகள் அலுத்துப்போய், 1982 ஆகஸ்டில் எட்டுக் குழுக்களை மலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைய தூரம் 165 மைல், அதாவது 265 கி.மீ. முடியும் இடம் பசிபிக் சிட்டி என்ற கடற்கரை ஊர். சரியாக ஐந்து மைலுக்கு ஒருமுறை கைமாற்ற வேண்டும் என்பது விதி. அந்த ஐந்தாவது மைல் வளைவின் நடுவில் வருகிறதா, வயல் நடுவில் வருகிறதா என்ற கவலையெல்லாம் அப்போது இல்லை. எட்டுக் குழுக்களுக்கு அது போதும். பிற்பாடு குழுக்கள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது, வேன்கள் நிறுத்த இடமுள்ள பள்ளி மைதானங்களையும் சூப்பர் மார்க்கெட் வாசல்களையும் தேடிப் பாதையை மாற்ற வேண்டியிருந்தது. முடியும் இடம் வடக்கே சீசைடு நகரத்துக்குப் போனது. குழுக்களின் எண்ணிக்கைக்கு 1,050 என்று வரம்பும் வந்தது. விண்ணப்பம் வாங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே இடங்கள் நிரம்பிவிடுவது வழக்கமாகி, குலுக்கல் முறை வந்தது. மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஏமாந்த குழுக்கள் உண்டு.

ஓரிகனில் இது முளைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஓடுவது என்பது தடகள வீரர்களின் தொழில் என்றிருந்த காலத்தில், ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1962இல் நியூஸிலாந்து போனார். அங்கே ஆர்தர் லிடியார்டிடம் பயிற்சி பெற்ற நடுவயதுக்காரர்களும் முதியவர்களும் கூட்டமாக மெல்லோட்டம் போவதைப் பார்த்து அசந்தார். அவர்களோடு ஓடிப் பார்த்தபோது தன்னைவிட மூத்தவர்களுக்கே ஈடுகொடுக்க முடியவில்லை. ஊர் திரும்பி, சாதாரண ஜனங்களைத் திரட்டி யூஜீன் நகரில் ஓட வைத்தார். ஜாகிங் பற்றிய அவருடைய புத்தகம் நாடு முழுக்கப் பரவியது. தன் பழைய மாணவர் ஃபில் நைட்டோடு 1964இல் அவர் தொடங்கிய காலணி வியாபாரம்தான் பின்னாளில் நைக்கி ஆனது. யூஜீனில் பயின்ற ஸ்டீவ் பிரிஃபான்டெய்ன் 1975இல், 24 வயதில், கார் விபத்தில் இறந்தபோது மாநிலமே துக்கம் கொண்டாடியது. இப்படிப்பட்ட மண்ணில் தெருவுக்கு நாலு பேர் காலையில் ஓடுவார்கள். பன்னிரண்டு பேரைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை.

சேர்ந்த பன்னிரண்டு பேரும் சேர்ந்தே இருப்பதுதான் பெரிய காரியம். ஒரு நாளுக்கு மேல் ஆறு பேர் ஒரு வேனுக்குள். வியர்வையில் ஊறிய காலணிகள், பாதி தின்ற வாழைப்பழம், தசைவலித் தைலம் எல்லாம் கலந்த வாசனை. ஒருவருக்குப் பாட்டு வேண்டும், ஒருவருக்கு அமைதி வேண்டும். ஒருவர் மூன்று மாதம் பயிற்சி செய்திருப்பார், ஒருவர் மூன்று நாள். வேனின் கண்ணாடியில் குழுவின் கிண்டல் பெயரும், வழியில் முந்திச்சென்றவர்களின் எண்ணிக்கையும் சாயத்தால் எழுதப்பட்டிருக்கும். முந்தப்பட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

தனியாக மாரத்தான் ஓடுகிறவர் முப்பதாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும். இங்கே ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய பங்கைச் சக நண்பர்கள் சுமக்க வேண்டும். கணுக்கால் பிசகியவர் நொண்டிக்கொண்டாவது அடுத்த சாவடிக்கு வந்துசேரப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். அதுவே ஆபத்தும்கூட. தன் உடம்பு நில் என்று சொல்லும்போது, நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு ஓடு என்று சொல்கிறது. எந்தக் குரலைக் கேட்பது என்பது இருட்டில், தனியாக, ஐந்தாவது கிலோமீட்டரில் தீர்மானிக்க வேண்டிய விஷயம்.

2008ஆம் ஆண்டு ஓட்டத்தைப் படம்பிடித்து 2011இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘ஹூட் டு கோஸ்ட்’ என்ற ஆவணப்படத்தின் உயிர் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. நான்கு குழுக்களை அது பின்தொடர்கிறது. ஒன்று, பயிற்சியே செய்யாமல் வேடிக்கைக்காகக் கிளம்பிய அனிமேஷன் ஸ்டூடியோ ஊழியர்களின் குழு. இன்னொன்று, ஆண்டு தவறாமல் வரும் பழம் பெருச்சாளிகளின் குழு. மூன்றாவது, இளம் வயதில் திடீரென இறந்துபோன ஒருவரின் நினைவாக அவர் குடும்பமும் நண்பர்களும் அமைத்தது. ஓடிப் பழக்கமில்லாதவர்களும் அதில் இருந்தார்கள். நான்காவது குழுவில் ஒரு மூத்த பெண்மணி. முந்தைய ஆண்டு ஓட்டத்தின்போது சரிந்து விழுந்து, இதயம் நின்று, பிழைக்கவைக்கப்பட்டவர். மறு ஆண்டே திரும்பி வந்தார். அவர் ஓடும் காட்சிகளில் பார்வையாளரின் கண் அவர் மேல் இருந்தாலும், மனம் வேனில் உட்கார்ந்திருக்கும் தோழிகளிடம் போய்விடுகிறது. ஓட வேண்டாம் என்று சொல்வதா, ஓடு என்று சொல்வதா? நட்புக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி கிடையாது.

இதயம் தனி மனிதப் பிரச்சினை. தூக்கம் எல்லோருடைய பிரச்சினை. 1,050 குழுக்கள் என்றால் 2,100 வேன்கள். அவற்றில் பலவற்றை ஓட்டுபவர்கள், சற்றுமுன்புதான் ஓடி முடித்தவர்கள் அல்லது சற்று நேரத்தில் ஓடப் போகிறவர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போல் மந்தமாகிவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் கண்டறிந்து சொன்னார்கள். 24 மணி நேரம் விழித்திருந்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு போதை. பல நாடுகளில் அந்த நிலையில் வண்டி ஓட்டினால் லைசென்ஸ் போய்விடும். அதே குறுகலான சாலையின் ஓரத்தில், அதே இருட்டில் ஓடிக்கொண்டிருப்பது அவர்களுடைய நண்பர்களே. மாலை வந்ததும் ஒளி தெறிக்கும் மேலாடையும் விளக்கும் இல்லாமல் யாரும் சாலையில் இறங்கக் கூடாது என்ற விதி கண்டிப்பாக இருப்பதில் வியப்பில்லை. விவரமான குழுக்கள் ஓடாத ஒருவரைச் சாரதியாகவே அழைத்து வருகின்றன. அவருக்குப் பதக்கமோ புகைப்படமோ கிடைப்பது அரிது. எல்லோரும் உயிரோடு ஊர் சேர்வது அவர் கையில்.

காட்டுக்குள் சில கட்டங்கள் தார் போடாத சரளைப் பாதை. நூற்றுக்கணக்கான வேன்கள் ஊர்ந்து கிளப்பும் புழுதி விளக்கொளியில் சுவர்போல் நிற்கும். கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். சில இடங்களில் ஓட்டக்காரர் வேனை முந்திப் போய்விடுகிறார். அப்போதுதான் சாவடியில் ஆள் வந்து ஆள் இல்லாத அவலம்.

இதே அவலம் ஜப்பானில் நடந்தால் நாடே கண்ணீர் விடும். அங்கே ரிலே ஓட்டம் ஏறக்குறைய ஒரு சடங்கு. டோக்கியோவிலிருந்து ஹக்கோனே மலைவரை போய்த் திரும்பும் ‘ஹக்கோனே எகிடென்’ ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3 தேதிகளில் நடக்கிறது. பல்கலைக்கழகக் குழுக்கள், குழுவுக்குப் பத்து மாணவர்கள், தூரம் 217 கி.மீ. கைமாறுவது தோளில் குறுக்காக மாட்டும் துணிப்பட்டை. ஐந்தாவது கட்டத்தில் 800 மீட்டருக்கு மேல் மலையேற்றம். அங்கே சரித்திரம் படைத்த பையன்களை மலைக் கடவுள் என்றே பத்திரிகைகள் அழைக்கின்றன. முன்னணிக் குழுவுக்கு நிர்ணயித்த நிமிடங்களுக்கு மேல் பின்தங்கிவிட்டால், அடுத்த மாணவர் பட்டைக்காகக் காத்திருக்க முடியாது. மாற்றுப் பட்டையோடு கிளப்பிவிடப்படுவார். கல்லூரியின் பட்டையோடு தள்ளாடி வருகிறவர், சில விநாடிகள் முன்புதான் நண்பன் போய்விட்டான் என்று தெரிந்து சாலையிலேயே விழுந்து அழுவதைத் தொலைக்காட்சி ஒளிபரப்பும்.

அந்த ஓட்டத்தை 1920இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஷிசோ கனகுரி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெயில் தாங்காமல் பாதியில் நின்று, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டவர். 1967இல் ஸ்வீடன்காரர்கள் அழைத்து, மிச்சத்தை முடிக்க வைத்தார்கள். 54 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்ட மாரத்தான் அது ஒன்றுதான். ஹக்கோனே ஓட்டத்துக்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. அமெரிக்காவின் குறுக்கே ரிலே ஓட வேண்டும், ராக்கி மலைகளைத் தாண்ட வேண்டும் என்பது கனகுரி கோஷ்டியின் கனவு. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கத்தான் ஜப்பானில் ஒரு மலையைத் தேடினார்கள். அமெரிக்கப் பயணம் நடக்கவில்லை. மலை மட்டும் நிலைத்துவிட்டது.

பொருளைக் கைமாற்றிக்கொண்டு ஓடுவது விளையாட்டாக இல்லாமல் பிழைப்பாக இருந்த காலமும் உண்டு, அதுவும் நம் நாட்டில். தமிழில் ரிலேயை அஞ்சலோட்டம் என்று சொல்வதிலேயே அது ஒளிந்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் ஆட்சியில் இங்கே வந்த இபின் பதூதா, மைலுக்கு மூன்று சாவடி வைத்து ஆட்கள் ஓடிய தபாலைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். கையில் செம்பு மணிகள் கட்டிய கோல். மணிச் சத்தம் கேட்டதும் அடுத்த சாவடிக்காரன் தயாராகிவிடுவான். குதிரைத் தபாலைவிட இது வேகம் என்கிறார். கங்கை நீரைத் தௌலதாபாத்வரை சுல்தானுக்குக் கொண்டுபோனதும் இப்படித்தான். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அஞ்சல் ஓட்டக்காரர் மணி கட்டிய கோலோடு வந்தால் வழிவிட வேண்டும். 1951இல் அந்த அஞ்சல் துறை இந்தியத் தபாலோடு இணைந்தது. ஓரிகன் காட்டில் தொண்டர் கூவும் எண், அந்த மணிச் சத்தத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஒரே வித்தியாசம், அஞ்சல்காரர்களுக்குக் கூலி கிடைத்தது. இவர்கள் பணம் கட்டி ஓடுகிறார்கள்.

அந்தப் பணம் சிறிய தொகை அல்ல. நுழைவுக் கட்டணத்தோடு இரண்டு வேன் வாடகை, பெட்ரோல், தங்கும் அறை எல்லாம் சேரும். பெரிய கம்பெனிகள் தங்கள் பெயரில் குழுக்களை அனுப்புகின்றன. புற்றுநோய் நிதிக்காக ஓடுகிறவர்களும் ஏராளம். ஓட்டத்தை நடத்தச் சம்பளமில்லாத ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வேண்டும். அதற்காக, உள்ளூர்க் குழு ஒவ்வொன்றும் மூன்று தொண்டர்களைக் கொடுத்தாக வேண்டும். ஓட இடம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும் குழுத் தலைவருக்கு அடுத்த வேலை, நள்ளிரவில் சாலையோரம் நின்று எண்களைக் கூவ மூன்று நல்ல மனிதர்களைத் தேடுவது. மனைவியின் தம்பி பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்.

வழியில் உள்ள கிராமத்தார் எல்லோரும் கைதட்டுகிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் வாசல் வழியே ஆயிரக்கணக்கான வண்டிகள் விடிய விடிய ஊர்வதையும், வேலி ஓரங்களைக் கழிப்பறையாக்குவதையும் யார்தான் ரசிப்பார்கள்? மறுபக்கம், தேவாலயக்காரர்களும் பள்ளிக்கூடத்தாரும் அன்று இரவு சூப்பும் பான்கேக்கும் விற்று, வெந்நீர்க் குளியலுக்குச் சில டாலர் வாங்கி, ஆண்டுச் செலவுக்கு வழி தேடிக்கொள்கிறார்கள்.

சீசைடில் வசிப்பவர்கள் சுமார் 7,000 பேர். ஓட வருகிறவர்கள் மட்டும் 12,600. போர்ட்லண்டிலிருந்து கடற்கரைவரை நடந்தே வரும் இன்னொரு ரிலேக்காரர்களும் அதே நாளில் வந்து சேருகிறார்கள். 1806இல் லூயிஸ், கிளார்க் என்ற இரு தளபதிகளின் குழு கண்டத்தைக் கடந்து வந்து, ஊர் திரும்பும் பயணத்துக்காகக் கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்த ஊர் இது. இப்போது அதே கடற்கரையில் பீர் கூடாரங்களும் இசை மேடையும். 2015இல் புயற்காற்று அதையும் விட்டுவைக்கவில்லை. கூடாரங்கள் சரிந்தன, கடற்கரைக் கொண்டாட்டத்தை ரத்து செய்தார்கள். இரவெல்லாம் ஓடி வந்தவர்களுக்கு முகத்தில் அடித்த மணல்தான் வரவேற்பு. 2020இல் கொரோனா காரணமாக ஓட்டமே நடக்கவில்லை. 2021இல் மீண்டும் மலையில் விளக்கு எரிந்தது.

கடைசிக் கட்டத்தில் ஓடுபவர் கடற்கரை நடைபாதையில் திரும்பும்போது, மீதிப் பதினொரு பேர் மணலுக்கு முன்னால் நிற்பார்கள். முதல் வேன்காரர்களுக்கு வேலை முடிந்து மணிக்கணக்காகிவிட்டது; குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டவர்கள்கூட இருப்பார்கள். இரண்டாவது வேன்காரர்கள் இப்போதுதான் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைந்து, அரக்கப்பரக்க வந்து சேர்ந்திருப்பார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்பது மலையடிவாரத்துக்குப் பிறகு அநேகமாக இதுதான் முதல் தடவை. தங்கள் எண்ணைத் தூரத்தில் பார்த்ததும் கூச்சல். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்த ஆளோடு கடைசிச் சில மீட்டரை மணலில் ஓடுகிறார்கள். சிலர் ஓடுகிறார்கள், முதல் கட்டத்தில் இறக்கத்தை ரசித்தவர் மட்டும் பக்கவாட்டில் காலை வைத்து இறங்குகிறார். பதக்கம், புகைப்படம், கடலில் ஒரு முழுக்கு. பசிபிக்கின் இந்தப் பகுதியில் ஆகஸ்டிலும் தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் கண்ணாடியில் எழுதியதை அழித்து, இருக்கைகளுக்கு அடியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கி, அந்த வாசனைக்கு ஏதாவது வழி பண்ண வேண்டும். அதை யார் செய்வது என்பதில்தான் பல குழுக்களில் முதல் சண்டை வருகிறது.